கலைச்சொல்: மனத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளும் நினைப்பு

நண்பர்களே, செவிலியர் பயிற்சிக்கான மனநலப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ப்ரீஆக்குபேஷன்’ (preoccupation) என்பதற்குத் தமிழ்ச் சொல் மட்டும் பாக்கி. எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நோயாளி ஒரே விஷயத்துக்குத் திரும்புவார்: கடன், வயிற்று வலி, இறந்துபோன மகன். வேண்டாத எண்ணம் தானே நுழைந்து, அவர் அதைத் தள்ளப் போராடினால் அது எண்ணச் சுழற்சி. எந்தச் சான்றுக்கும் அசையாத பொய்நம்பிக்கை வேறு. மூன்றும் பாடத்தில் ஒரே பக்கத்தில் வருகின்றன. ‘கவலை’ என்று எழுதினால் மூன்றும் குழம்பும்.

மறு:
கவலை பொருந்தாது. சங்க இலக்கியத்தில் அது கவர்த்த வழி, பாதை பிரியுமிடம். கவை, கவடு, கவட்டை எல்லாம் ஒரே குடும்பம். பிளவுபட்டுத் தவிக்கும் மனமே கவலை. இங்கே மனம் பிளவுபடவில்லை, ஒன்றிலேயே நிற்கிறது. தொல்காப்பியக் களவியலில் ‘வேட்கை ஒருதலை உள்ளுதல் மெலிதல்’ என்று வருகிறது. ஒருதலை உள்ளுதலுக்கு இடைவிடாது நினைத்தல் என்று பொருள் கொள்வார்கள். அதே நூற்பாவில் ‘நோக்குவ எல்லாம் அவையே போறல்’ என்கிறார், காண்பதெல்லாம் அதுவாகவே தோன்றுவது. இதைவிட நல்ல வரையறை கிடைக்காது. ‘ஒருதலையுள்ளல்’ என்று வையுங்கள்.

மறு:
ஐயா, பொருள் துல்லியம்தான். ஆனால் இன்று ‘ஒருதலை’ என்றாலே ஒருதலைக் காதல், ஒருதலைப்பட்சம். நோயாளிக் குறிப்பில் ‘ஒருதலையுள்ளல் உண்டு’ என்று எழுதினால் அடுத்த பணிநேரத்துக்கு வருபவர் தவறாகத்தான் படிப்பார். ‘அதே நெனப்பா இருக்காரு’ என்று உறவினர் சொல்வதிலிருந்து தொடங்கலாம். ‘ஓயாநினைப்பு’ எப்படி? ‘ஓயாத’ என்பதன் கடைசி எழுத்து கெட்டு நிற்பது, அதாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘எம்நெஞ்சத்து ஓவா வரல்’ (குறள் 1205) என்பதன் அமைப்புத்தான்.

மறு:
லத்தீன் வேரில் முன்கூட்டியே கைப்பற்றுதல் என்ற பொருள் இருக்கிறது. ‘முன்பற்று’ எனலாமே?

மறு:
‘முன்’ போட்டால் முன்பு இருந்த பற்று என்றாகிவிடும். ‘ஆழ்நினைப்பு’ என்றாலோ ஆழ்மனத்தோடு கலந்துவிடும். ஓயாநினைப்பிலும் எனக்குத் தடை உண்டு: ‘ஓயா’ என்றதும் தொல்லை என்ற தொனி ஏறுகிறது. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் 1956இல் தாய்மை பற்றி ‘ப்ரீஆக்குபேஷன்’ என்ற இதே சொல்லைத்தான் ஆண்டார். கருவுற்ற கடைசிக் காலத்திலும் பேறு முடிந்த சில வாரங்களிலும் தாயின் மனம் குழந்தையிடமே குவிந்திருக்கும். கிட்டத்தட்ட நோய்போலத் தோன்றினாலும் அது நலமான நிலை என்பதே அவர் வாதம். அவளுக்கு ‘ஓயா’ ஒட்டுமா? அசைபோடும் துயர எண்ணங்களுக்கு ‘ஓயாநினைப்பை’ச் சேமித்து வையுங்கள். இதற்கு ‘ஒருநினைப்பு’. ‘ஒருநினைப்பாக இருக்கிறார்’ என வினையோடும் இயல்பாக வரும்.

மறு:
பன்மை? ஒருவருக்குக் கடனும் நோயும் சேர்ந்தே மனத்தை அடைத்திருந்தால் ‘ஒருநினைப்புகள்’ என்பதா? ‘ஒரு’வும் ‘கள்’ளும் மோதுகின்றன.

மறு:
படிவத்தில் ‘ஒருநினைப்பு: எவற்றைப் பற்றி?’ என்று கேட்டால் பன்மையே தேவைப்படாது.

மறு:
நால்வர் ஒருநினைப்பு, இருவர் ஓயாநினைப்பு. பாடத்தில் ஒருநினைப்பு போகிறது. தாய்மைப் பகுதியில் மட்டும் ‘தாயின் ஒருநினைப்பு நிலை’.

மறு:
போகட்டும். ஆனாலும் தமிழில் ஏற்கெனவே வரையறுத்து வைத்த சொல்லை, ஒரு சினிமாச் சொல்லோடு குழம்பும் என்பதற்காகக் கைவிடுவதை நான் ஏற்கவில்லை. அருஞ்சொற்பட்டியலில் ‘ஒருதலையுள்ளல்’ அடைப்புக்குறிக்குள்ளாவது நிற்க வேண்டும்.