புதுப்பிப்பு: பழைய ராலே சைக்கிளைப் பார்த்துவிட்டேன்

ஒரு பழைய ராலே சைக்கிளுக்குச் சொல்லும் விலை நியாயமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது நேரில் பார்த்தாயிற்று. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் (ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி செய்தது) 62 5 என்று பொறித்திருக்கிறது, அதாவது ஹப் செய்தது 1962 மே. சக்கரத்தை யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பவில்லை.

பெயின்ட் மங்கியதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. ஹேண்டிலிலிருந்து பெடலுக்கு இறங்கும் குழாயின் மேல்முனையில், அடிப்பக்கமாக விரலால் தடவிப் பார்த்தேன். முன்னால் பலமாக மோதியிருந்தால் அங்கே சுருக்கம் தட்டுப்படும். இல்லை, வழவழவென்று இருந்தது! அப்பாடா என்றிருந்தது.

ஆனால் சீட் கம்பி துருவில் இறுகி அசையவே இல்லை. அந்த வேலைக்கும் டயர், பிரேக் கட்டைக்கும் ஆகும் செலவைக் கழித்து ஒரு விலை கேட்டேன். விற்பவர் சரி என்றார். முதலில் கம்பியில் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும்.