பழைய 8085 கிட்டுக்கு புதுசா பவர் சப்ளை கட்டின அனுபவம், நீங்களும் சொல்லுங்க

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

எங்க தெருவுல பாலிடெக்னிக் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருத்தர் 8085 ட்ரெய்னர் கிட்டு ஒன்னு, அதான் 8085 மைக்ரோப்ராசசர பசங்க பழகுற போர்டு, கொண்டாந்தாரு, போர்டு நல்லாத்தான்பா இருக்கு சப்ளை பாக்ஸ்தான் போயிடுச்சு, பசங்களுக்கு இதுல அசெம்ப்ளி ப்ரோக்ராமிங் சொல்லித் தரணும்னாரு. தொறந்து பாத்தா டிரான்ஸ்பார்மர் கருகிக் கெடக்கு, கன்டென்சர் தல உப்பி, கனெக்டர் பின்னெல்லாம் பச்ச பூத்துப் போயிருக்கு. காசிமேட்டுக் காத்து நம்ம பக்கம் எந்த பித்தளையயும் சும்மா விடாது.

பாக்ஸ்ல இருந்த லேபிள் அழிஞ்சு போச்சு, எந்த பின்னுல எந்த வோல்ட்டுன்னே தெரியல. அதனால போர்டுல இருந்தே தேடினேன். 8085க்கு 40வது பின் 5 வோல்ட், 20வது பின் கிரவுண்டு. சீரியல் போர்ட்டு பக்கத்துல அதுக்கு சிக்னல் அனுப்புற 1488 ஐசி இருந்துச்சு, அதுல 14வது பின் ப்ளஸ் 12, 1வது பின் மைனஸ் 12. மல்ட்டிமீட்டர பீப் மோடுல வச்சு இந்த பின்னுங்கள்ல இருந்து கனெக்டர் வரைக்கும் தடவிக்கிட்டே போனா மூணு லைனும் கிடைச்சிரும். யாரோ சொன்னாங்கன்னு கலர் ஒயர நம்பி குடுத்துடாதீங்க, போர்டு சொல்றத மட்டும் நம்புங்க.

5 வோல்ட்டுக்கு மொதல்ல 9 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் எல்எம் 338 ரெகுலேட்டரும்னுதான் யோசிச்சேன், ஆனா 9 வோல்ட் ஏசி பிரிட்ஜ் தாண்டி கிட்டத்தட்ட 11 வோல்ட் டிசியா நிக்கும், போர்டு ஒன்றரை ஆம்ப் இழுத்தா சுமார் 9 வாட் சூடாவே போயிரும், அவ்ளோ பெரிய ஹீட்சிங்க் அந்த டப்பாவுக்குள்ள அடங்காது. அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (அவ்ளோ சூடாகாத ஸ்விட்சிங் சப்ளை) வாங்கிட்டேன். ப்ளஸ் மைனஸ் 12க்கு மட்டும் 15-0-15 டிரான்ஸ்பார்மர், ப்ளஸ் 12 ரெகுலேட்டர் 7812, மைனஸ் 12 ரெகுலேட்டர் 7912. கடைக்காரர் 12-0-12 போதும்னாரு, ஆனா வெயில் காலத்துல ராத்திரி எல்லா வீட்டுலயும் ஏசி ஓடுறப்ப நம்ம கரண்ட் லைன் 180 வோல்ட்டுக்கு எறங்கிச்சுன்னா அதுல 13 கூட தேறாது, 7812க்கு உள்ள வர்றது 14க்கு மேல இருந்தாத்தான் 12 ஸ்டெடியா நிக்கும். 15-0-15ல அந்தக் கவலை இல்ல.

புதுசா கட்டுறவங்க இத நல்லா மனசுல வச்சுக்கோங்க: 7912 பாக்க 7812 மாதிரியே இருக்கும், ஆனா கால் வேற. 7812ல 1 இன்புட், 2 கிரவுண்டு, 3 அவுட்புட். 7912ல 1 கிரவுண்டு, 2 இன்புட், 3 அவுட்புட். 7912 முதுகுத் தகடு இன்புட்டோட ஒட்டியிருக்கும், 7812 தகடு கிரவுண்டு. ரெண்டையும் ஒரே ஹீட்சிங்க்ல கரண்ட் கடத்தாத மைகா ஷீட் இல்லாம முறுக்கினா நேரா ஷார்ட்டு. மைகாவும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு முறுக்கின பின்னாடி மீட்டர்ல தகட்டையும் ஹீட்சிங்கையும் தொட்டுப் பாருங்க, பீப் அடிக்கக் கூடாது.

எனக்கு பெரிய பயம் அந்த ஈப்ராம் மெமரி சிப்புதான். போர்ட இயக்குற மானிட்டர் ப்ரோக்ராம் அதுக்குள்ள இருக்கு, போச்சுன்னா அதே வெர்ஷன் எங்க போய்த் தேடுறது? போர்டுல இருக்குற டிடிஎல் (5 வோல்ட்ல ஓடுற லாஜிக்) ஐசிங்களுக்கும் 7 வோல்ட்தான் உச்சவரம்பு. அதனால 5 வோல்ட் லைன்ல ஃபியூசுக்கு அப்புறம் ஒரு எஸ்சிஆர் (கேட் கால்ல சிக்னல் வந்தா ஆன் ஆகுற ஸ்விட்ச்), அதோட கேட்டுக்கு 5.6 வோல்ட் தாண்டினா கடத்துற ஜீனர் டயோடு, கேட்டுல இருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர். லைன் 6.3 கிட்ட போனாலே எஸ்சிஆர் லைன ஷார்ட் பண்ணிடும், ஃபியூஸ் போனாலும் போர்டு பொழச்சுக்கும். இதுக்கு ஆகுற செலவு ரொம்பக் கம்மி, தயவு செஞ்சு யாரும் விட்டுடாதீங்க.

போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி 5 வோல்ட்ல 2.2 ஓம் 25 வாட் ரெசிஸ்டரும் 12 லைன்ல பைக் பல்பும் போட்டு சூடேற விட்டு பாத்தேன், வோல்ட் அசையல. அப்புறந்தான் கிட்டு போர்ட மாட்டினேன். டிஸ்ப்ளேல எழுத்து வந்ததும் சார் உக்காந்து ரெண்டு நம்பர் கூட்டுற ப்ரோக்ராம மனப்பாடமா ஹெக்ஸ்ல தட்டினாரு பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

பெரம்பூர் வால்வு ரேடியோ:

அருமை தம்பி. எங்க பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகள்ல இருந்து வால்வு ரேடியோ செட்டு நிறைய வரும், அதுவும் பல வோல்ட் சமாச்சாரம்தான், ஹீட்டருக்கு 6.3 ஏசி, ப்ளேட்டுக்கு 250 டிசி. ஏசிய டிசியாக்குற ரெக்டிஃபையர் வால்வு கிடைக்கலன்னு 1என் 4007 டயோடு போடுறாங்க, போடலாம், ஆனா டயோடு ஸ்விட்ச் போட்ட ஒடனே முழு வோல்ட்ட தள்ளிடும், வால்வு இன்னும் சூடாகியிருக்காது, பழைய கன்டென்சர் தாங்காது. சீரிஸ்ல ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். மொதல் தடவ கரண்ட் லைனுக்கு சீரிஸ்ல ஒரு பல்ப் போட்டுத்தான் ஆன் பண்ணணும், ஆஃப் பண்ணின பின்னாடியும் கன்டென்சர்ல சார்ஜ் இருக்கும், ரெசிஸ்டர் வச்சு எறக்கிட்டுத்தான் கை வைக்கணும். ஈரக் கையோட கிட்டயே போகாதீங்கப்பா.

வியாசர்பாடி தம்பி:

அண்ணே என்கிட்ட வந்தது 4116 ராம் போட்ட பழைய கம்ப்யூட்டர் போர்டு, அதுக்கு ப்ளஸ் 12, ப்ளஸ் 5, மைனஸ் 5 மூணும் வேணும். பிசி எஸ்எம்பிஎஸ்லயே முடிச்சிடலாம்னு பாத்தா இப்ப வர்றதுல மைனஸ் 5 கிடையாது. மைனஸ் 12ல இருந்து 7905 ரெகுலேட்டர் போட்டு எடுத்தேன், கொஞ்ச கரண்ட்தான் வேணும், தாங்குது. ஆனா 4116க்கு மைனஸ் 5 மொதல்ல வரணும், கடைசியா போகணும், இல்லன்னா சிப் போயிரும். அதனால மைனஸ் 5 வந்த பின்னாடிதான் மத்த ரெண்டும் போர்டுக்குப் போற மாதிரி ஒரு ரிலே வச்சேன். ஆஃப் பண்றப்ப மைனஸ் 5 சீக்கிரம் எறங்கிடுது, அதுக்கு என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

தம்பி, 7905 இன்புட்டுல பெரிய கன்டென்சரா போடு, ஆஃப் ஆனாலும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். ரிலே காயிலுக்கு அந்த கன்டென்சர்ல இருந்து எடுக்காத, எஸ்எம்பிஎஸ் ப்ளஸ் 12ல இருந்து எடு, அப்பத்தான் மைனஸ் 5 எறங்குறதுக்கு முன்னாடியே ரிலே விட்டுடும். மீட்டர்ல பாத்துட்டு மாட்டு.