கன்னிமாரா தேக்கை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பைப் பரம்பிக்குளம் கூட்டிப்போனோம். எங்கள் ஊரும் பாலக்காடு ஜில்லா, பரம்பிக்குளமும் பாலக்காடு ஜில்லாதான். ஆனால் பஸ் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகணும். பையன்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை.

துணக்கடவு பக்கம் கன்னிமாரா தேக்கைப் பார்த்தோம். ஐந்து பிள்ளைகள் கைகோத்து நின்றுதான் ஒரு சுற்று வந்தது. 1994-95இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது வாங்கிய மரம். கோடாலி பட்டதும் ரத்தம் வந்ததாம், கன்னித்தெய்வம் என்று பயந்து விட்டுவிட்டார்களாம் என்று கைடு சொன்னார். உடனே ஒரு பையன், "அப்ப மத்த மரத்துல எல்லாம் சாமி இல்லையா டீச்சர்?" என்றான். பஸ் ஏறும் வரைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் காட்டுச் சரித்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கோவிந்தாபுரம் செக்போஸ்ட்

அவ்வளவு பெருத்த மரத்தை அறுத்து யாருங்க இழுத்துட்டுப் போறது? யானையே உட்கார்ந்துக்கும். சாமி எல்லாம் அப்புறம் வந்திருக்கும்.

பதில் 2: சேத்துமடைக்காரன்

வணக்கங்க டீச்சர். எங்க தாத்தா மாட்டுவண்டியில தேக்குக்கட்டை ஏத்துனவர். அவர் சொன்னதும், நான் பின்னாடி படிச்சதும் கலந்துதான் எழுதறேன்.

வெட்டுனவனுக்கு அது சாமியும் இல்லை, மரமும் இல்லைங்க, கப்பல். இங்கிலாந்துல ஓக் மரம் குறைஞ்சுபோச்சு, கடற்படைக்கு நம்ம தேக்கு வேணும். 1806லயே மலபார்ல காட்டுக்கு ஒரு அதிகாரியைப் போட்டாங்க. டாப்ஸ்லிப்ங்கற பேரே மலை உச்சியில இருந்து கட்டையைச் சரிவுல உருட்டி விட்டதால வந்தது. அப்புறம் ரயில் வந்துச்சு, ஸ்லீப்பர் கட்டைக்குன்னு காடு இன்னும் போச்சு. 1840கள்ல நிலம்பூர்ல கலெக்டர் கனோலியும் சாத்து மேனோனும் தேக்கு நட ஆரம்பிச்சதே, இப்படியே வெட்டுனா நாளைக்கு மிஞ்சாதுங்கற பயத்துலதான்.

இது மதராஸ் சர்க்கார் பக்கத்துக் கதை. நீங்க போன பரம்பிக்குளம் கொச்சி ராஜாவோடது. அங்கிருந்து சாலக்குடிக்கு 1907லயே டிராம் ஓட்டினாங்க. செங்குத்தான இடத்துல கட்டை ஏத்துன வண்டி இறங்கற பாரத்துல, கம்பிக்கயிறு இழுத்து, காலி வண்டி தானா மேல ஏறும். என்ன மூளை பாருங்க! 1963லதான் மூடுனாங்க. ஆக, வெள்ளைக்காரனை மட்டும் திட்டிட்டுப் பாடத்தை முடிச்சுடாதீங்க.

இன்னொண்ணு. டாப்ஸ்லிப்ல நீங்க "அடேங்கப்பா, காடு"ன்னு பார்த்ததுல பாதி தோப்புங்க. ஹியூகோ வுட்னு ஒரு காட்டு அதிகாரி, அடிக்கட்டையை விட்டு வெட்டினா மறுபடி தளிர்க்கும்னு அந்த முறையைக் கொண்டுவந்தார். பாக்கெட்ல தேக்கு விதையைப் போட்டுட்டு, கைத்தடியால குழி குத்திக்கிட்டே நடப்பாராம். கல்லறை அங்கயே தேக்குக்கு நடுவுலதான் இருக்கு. "என்னைப் பார்க்கணும்னா சுத்திப் பார்"ங்கற மாதிரி லத்தீன்ல எழுதியிருக்கும். தேக்கா நட்டு நட்டு மத்த மரம் போச்சேன்னு எனக்கு அவர் மேல கொஞ்சம் வருத்தமும் உண்டு.

இப்ப உங்க பையன் கேட்டதுக்கு வர்றேன். நம்ம வாய்க்கால் கரையில ஏழு கல்லு நட்டுக் கன்னிமார்னு கும்பிடறோமே, அந்தக் கும்புடு அங்க மரத்துக்கு நடக்குது. காடர், மலசர், மலமலசர், முதுவர்னு அங்க இருக்கற பழங்குடிகள் எல்லாருக்கும் காடு முழுக்கச் சாமி உண்டு. ஆனா எதை வெட்டறது, எதை விடறதுன்னு சொல்ற இடத்துல அவங்க இல்லை. 1882 மதராஸ் வனச்சட்டம் வந்தப்புறம் இந்தப் பக்கம் தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவுமே அனுமதி கேக்கற நிலைமை. காட்டு மேல அவங்களுக்கு உரிமைன்னு ஒரு சட்டம் வர 2006 ஆச்சு. அவங்க சாமியில ஒண்ணே ஒண்ணுதான் துரைக்கும் ராஜாவுக்கும் கேட்டுச்சுன்னு வேணா பையன்கிட்ட சொல்லுங்க.

ரத்தம் வந்த கதைக்கு என் யூகம்: கொழுந்துத் தேக்கிலையை உள்ளங்கையில வெச்சுக் கசக்கிப் பாருங்க.

பதில் 3: சித்தூர் தமிழாசிரியர்

சேத்துமடை அண்ணா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். சாமி மரம் என்றால் வெட்டாமல் விடுவார்கள் என்பதே எப்போதும் உண்மையில்லை. சங்ககாலத்தில் ஒவ்வொரு வேந்தனுக்கும் காவல்மரம் இருந்தது. பகைவன் முதலில் கை வைத்தது அதில்தான். நம் சேரன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், எதிரிகளின் கடம்பை வெட்டி அதிலேயே முரசு செய்தான். புனிதம் என்பதாலேயே வெட்டினான். அதே கடம்பு முருகனுக்கு உகந்த மரம். குறிஞ்சி, முல்லை என்று நிலத்துக்கே பூவின் பெயர் வைத்த அதே ஆட்கள்தான். இதையும் வகுப்பில் சொல்லுங்கள் டீச்சர்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

மூன்று பேருக்கும் நன்றி. தேக்கிலை விஷயம் எனக்குத் தெரியாது! பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கொழுந்து பறித்துப்போய், கேள்வி கேட்ட பையனிடமே கொடுத்தேன். கசக்கினான். உள்ளங்கை வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துவிட்டது. வகுப்பே கத்தியது. அவன் அப்படியே வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அவன் அம்மா சட்டையோடு ஸ்கூல் வாசலில் நிற்கிறார். கறையைப் போக்க யாருக்காவது வழி தெரியுமா?