ஆடிக் குளிரில் நார்த் கோஸ்ட் போய் வந்தோம்

குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே கடலோரமாகப் போய் வந்தவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் போன ஜூலையில் போனோம். நான், கணவர், பத்து வயது மகள், மூன்று மாதம் எங்களோடு இருக்க திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா. வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்-2 நெடுஞ்சாலையில் போகாதீர்கள். நாங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த செயின்ட் லூசியா வரை சுமார் 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்தான். ஆனால் எதையும் பார்க்க மாட்டீர்கள். பல்லிட்டோ என்ற கடற்கரை ஊர் வரை கடலை ஒட்டிய எம்-4 சாலை, அப்புறம் பழைய ஆர்-102. கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும், பரவாயில்லை. எங்களுக்குக் கிடைத்த நல்லதெல்லாம் அந்த வழியில்தான் கிடைத்தது.

ஜூலை இங்கே மழை இல்லாத மாதம். காலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி, மதியம் இருபதைத் தாண்டிவிடும். சாலையோரத்தில் கற்றாழைகள் செம்பூவோடு நின்றன. இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருந்த ஒரு மரத்தைப் பார்த்து அம்மா, "கல்யாண முருங்கை மாதிரியே இருக்கே" என்றார். அந்த இனமேதான்.

அன்று ஆடி முதல் வெள்ளி. அதனால் எம்-4ஐ விட்டு உள்ளே திரும்பி, டோங்காட்டில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆடியில் கூழ் ஊற்றுவதை 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சியிருந்தார்கள். தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய், கீரை. வேப்பிலைத் தோரணம், மஞ்சள் சேலை, பாட்டு எல்லாம் நம் ஊர்போலத்தான். ஆனால் பாட்டுப் புத்தகத்தில் தமிழ் வரிகள் ஆங்கில எழுத்தில் இருந்தன. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பாடினார்கள். ஒரு வரிகூடத் தப்பவில்லை.

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ஆண்ட்டிக்கு எண்பது வயதிருக்கும். அம்மா தமிழில் பேசியதும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, யூ ஃப்ரம் தேர்?" என்றார். அவருக்குத் தமிழில் தெரிந்தது ஆயா (பாட்டியை அப்படித்தான் சொல்வார்), தாத்தா, தண்ணி, சாமி, உட்காரு, இன்னும் கொஞ்சம் சொற்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

ஆண்ட்டி கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய தாத்தா ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அப்படி வந்த ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு எண் கொடுத்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்த எண்ணோடுதான் இறங்கினார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் ஊர், வயது, தகப்பன் பெயர் கிடைக்கும். ஆண்ட்டியின் காகிதத்தில் மாவட்டம் 'நார்த் ஆற்காட்' என்றிருந்தது. அது எங்கே இருக்கிறது, போனால் பார்க்க முடியுமா என்று கேட்டார். இப்போது அந்தப் பெயரில் மாவட்டமே இல்லை, வேலூர்ப் பக்கம் என்று அம்மா சொன்னார். "வேலூர், வேலூர்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அதைக் காகிதத்தின் ஓரத்தில் எழுதித் தரச் சொன்னார். நான் ஆங்கில எழுத்தில் எழுதினேன். அதன் கீழே தமிழிலும் எழுதச் சொன்னார். அவரால் அதைப் படிக்க முடியாது. இருந்தும் விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

அங்கிருந்து பல்லிட்டோ. பாறைமேல் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தோம். தூரத்தில் புகைபோல நீர் பீச்சியது, அப்புறம் கரும் முதுகு. கூன்முதுகுத் திமிங்கிலம். அண்டார்டிக் கடலிலிருந்து குட்டி போட மொசாம்பிக் பக்கத்து வெதுவெதுப்பான நீருக்கு ஜூன், ஜூலையில் இந்தக் கரையோரமாகத்தான் போகும். "நம்ம போற பக்கமே போகுதும்மா" என்று மகள் குதித்தாள். தொலைநோக்கி இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

ஸ்டேங்கர் ஊரை நெருங்கும்போது திடீரென்று முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வெட்டுவதற்கு முன் காய்ந்த சோகையை எரிக்கக் கரும்பு வயலுக்குத் தீ வைத்திருந்தார்கள். காற்று திரும்பிப் புகை சாலையை மூடிவிட்டது. கணவர் விளக்குகளைப் போட்டு ஓரமாக ஒதுங்கினார். கண்ணாடி மேல் கரிச்சுருள் கறுப்பாகக் கொட்டியது. உண்மையிலேயே பயந்தேன், பின்னால் லாரி வந்தால் என்ன ஆவது? புகையைக் கண்டால் தயங்காமல் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துங்கள்.

புகை கலைந்ததும் பார்த்தால் பக்கத்திலேயே சூலு இனத்து அம்மாள் ஒருவர் வலைப் பைகளில் பழம் விற்றுக்கொண்டிருந்தார். "நார்ட்ஜி, நார்ட்ஜி" என்றார். அம்மா உடனே என்னைப் பார்த்து, "நாரத்தைன்னா சொல்றா?" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கமலா ஆரஞ்சு போன்ற அந்தக் குளிர்காலப் பழத்துக்கு இங்கே எல்லோரும் சொல்வது நார்ட்ஜி. ஆப்பிரிகான்ஸ் மொழிச் சொல். அது தமிழ் நாரத்தையிலிருந்து வந்தது என்று அகராதிகளே சொல்கின்றன. ஏழு வருடமாக வாங்குகிறேன், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டும் இருக்கிறேன். அம்மாவுக்குக் கேட்ட நொடியில் புரிந்துவிட்டது. பழுத்ததை விட்டுவிட்டு அடியில் கிடந்த பச்சைக் காய்களாகப் பொறுக்கினார். அந்த அம்மாள் வேண்டாம், புளிக்கும் என்று சைகையில் தடுத்துப் பார்த்தார். அம்மா விடவில்லை.

அதற்கப்புறம் துகேலா ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். 1878 டிசம்பரில் சூலு அரசர் செட்ஷ்வாயோவின் ஆட்களிடம் பிரிட்டிஷார் போர் மிரட்டலை வாசித்துக் காட்டியது இந்த ஆற்றங்கரையில்தான். இரவு ம்டுன்சினியில் தங்கினோம். மறுநாள் செயின்ட் லூசியாவில் படகில் நீர்யானைகள், முதலைகள். பலரும் எழுதியதுதான். இரவில் நீர்யானைகள் ஊருக்குள்ளேயே மேய வரும், இருட்டியபின் நடந்து போகாதீர்கள் என்பதை மட்டும் திரும்பச் சொல்கிறேன். ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காய்களைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்படைத்து, பால்கனி வெயிலில் இரண்டு வாரம் வைத்தார். ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்தார். அதைக் கொடுக்கவே மறுபடி டோங்காட்டுக்குப் போனோம். ஆண்ட்டி மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆயா," என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.