புதுப்பிப்பு: அக்காவின் அமெரிக்க விளக்கு எரிகிறது

நியூஜெர்சியிலிருந்து அக்கா கொண்டுவந்த பித்தளை மேசை விளக்கை இங்கே 230 வோல்ட்டில் எரிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அமெரிக்காவில் 120 வோல்ட்தான் என்பதால், நம் 230-ஐ அந்த அளவுக்குக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கச் சொன்னீர்கள் பலரும். வாங்கவில்லை. உள்ளே இருப்பது ஒரு ஹோல்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு வயர், அவ்வளவுதான்; அவையும் பல்பும் 230 வோல்ட்டுக்கு ஏற்றவையாக இருந்தால் போதும்.

ஆனால் பிரித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. பித்தளைக் குழாயின் விளிம்பு உரசி, வயரின் மேலுறை தேய்ந்து செம்பு மினுங்கியது. எர்த்தும் கிடையாது, இரண்டு பின்தான். அப்படியே செருகியிருந்தால்... சரி, விடுங்கள்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் மூன்று கோர் வயர் இழுத்து, வயர் உரசாமல் இருக்கக் குழாய் வாயில் ரப்பர் புஷ் வைத்து, எர்த்துக்கான பச்சை வயரை விளக்கின் உடம்போடு திருகாணி போட்டு இறுக்கினார். பழைய இ26 ஹோல்டரில் (அமெரிக்க மரை அளவு, 26 மில்லிமீட்டர்) நம் இ27 மரை பல்பு பெரும்பாலும் ஏறிவிடும், 1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அதோடு இருந்த ஸ்விட்சில் 125 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. ஹோல்டர், ஸ்விட்ச் இரண்டையும் கழற்றிவிட்டு, நம் வோல்ட்டேஜுக்கானவற்றை மாட்டினோம். ஃபேஸ் வயர் ஹோல்டரின் நடுப் புள்ளிக்கு, நியூட்ரல் அதன் மரைக் கூட்டுக்கு. இது மாறிப்போனால் பல்பு மாட்டும்போது விரல் பட்டாலே ஷாக்தான்.

மல்டிமீட்டரில் எர்த் பின்னுக்கும் விளக்கின் உடம்புக்கும் நடுவே 0.3 ஓம், அதாவது எர்த் இணைப்பு சரியாகப் பிடித்திருக்கிறது. 9 வாட் எல்இடி போட்டிருக்கிறோம். அம்மா இப்போது அதன் வெளிச்சத்தில்தான் கீரை ஆய்கிறாள்.