பெற்றோர் கட்டுப்பாடா, பிள்ளைக்காப்பா?

அனைவருக்கும் வணக்கம். கைபேசியிலும் டேப்லெட்டிலும் பிள்ளைகளின் பயன்பாட்டுக்கு வரம்பு வைக்கும் 'parental control' வசதியைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'பெற்றோர் கட்டுப்பாடு' ஏற்கெனவே புழங்குகிறது, புரியவும் செய்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

புரிகிறதா என்பதில்தான் எனக்கு ஐயம். மகளின் டேப்பில் இதை அமைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த என் அம்மா அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, "எங்களையா கட்டுப்படுத்தப் போறே?" என்று கேட்டார். தமிழில் அப்படித்தான் படிக்க வரும். விலைக் கட்டுப்பாடு என்றால் விலையைக் கட்டுப்படுத்துவது. மாசுக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அதே அமைப்புதான். 'ஊர்க்கட்டுப்பாடு' இருக்கிறதே, அங்கே கட்டுப்படுத்துவது ஊர்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே தண்டம் கட்டுவதும் ஊரைவிட்டு ஒதுக்குவதும் கூடவே நினைவுக்கு வருகின்றன. குழந்தையிடம் பேசும் பேச்சில் அந்த வாடை வேண்டாம்.

அப்புறம், மகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து நாங்கள் வேலையிலிருந்து திரும்பும் வரை டேப்பைக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும் என் அம்மாதான். 'பெற்றோர்' என்ற சொல்லில் பாட்டிக்கு இடமில்லை. யார் செய்கிறார் என்பதை விட்டுவிட்டு, யாருக்காகச் செய்கிறோம் என்பதை வைத்துப் பெயரிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இந்த வசதியின் வேலையும் மாறிவிட்டது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தொலைக்காட்சிப் பெட்டிகளில் வி-சிப் என்ற சில்லை வைக்கச் சொன்னபோது, நிகழ்ச்சி எந்த வயதினருக்கு ஏற்றது என்ற தரக்குறியீட்டைப் பார்த்து அதை மறைப்பது ஒன்றே அதன் வேலை. அதற்குக் 'கட்டுப்பாடு' போதும். 2017-இல் வந்த கூகுள் ஃபேமிலி லிங்க்கும், அடுத்த ஆண்டு ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 12-உடன் வந்த ஆப்பிளின் ஸ்கிரீன் டைமும் நேரத்தை அளக்கின்றன, படுக்கும் நேரத்தில் கருவியை ஓயவைக்கின்றன, புதிய செயலி வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவரச் சொல்கின்றன.

ஆகவே என் பரிந்துரை: பிள்ளைக்காப்பு.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. கைக்குழந்தைக்குப் போடும் வெள்ளிக் காப்பும் அதே சொல். அந்தக் காப்பை யாரும் கடைசிவரை போட்டுவைப்பதில்லை. கை வளர வளரத் தளர்த்திவிட்டு, ஒருநாள் கழற்றிவிடுகிறோம். ஐந்து வயதில் வைத்த வரம்பைப் பதினைந்திலும் அப்படியே வைத்திருக்கும் வீடுகளை நினைத்தால், அந்த நினைப்பும் இந்தச் சொல்லோடு சேர்ந்து வரட்டும் என்று தோன்றுகிறது.

கணினியில் 'காப்பு' என்றால் தரவைப் படியெடுத்து வைப்பதல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 'காப்புப் பிரதி' என்று முழுதாகவே புழங்குகிறது. குழப்பம் வராது.

ஒன்றில் மட்டும் எனக்கு உறுத்தல் உண்டு. பிள்ளை எங்கே இருக்கிறது, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பெற்றோருக்கு அறிக்கை அனுப்பும் பகுதியைக் 'காப்பு' என்று அழைத்தால் நாம் உண்மையை மறைத்தவர்கள் ஆவோம். அதற்குக் 'கண்காணிப்பு' என்றே பெயரிட வேண்டும். தன்னைப் பார்க்கிறார்கள் என்பது பிள்ளைக்கும் அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

மற்றவை எளிது. ஒரு நாளுக்கு இவ்வளவு என்பது 'நேர வரம்பு'. 2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதையும் இந்தச் சொல்லாலேயே எழுதலாம். தகாதவற்றை நீக்குவது 'வடிகட்டி'. செயலி நிறுவப் பெரியவர் தருவது 'அனுமதி'. இதை 'ஒப்புதல்' என்று எழுத வேண்டாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரிடம் பெற வேண்டிய இசைவு (consent) ஒன்று உண்டு. 'ஒப்புதல்' என்ற சொல் அதற்குத் தேவைப்படுகிறது.

படுக்கும் நேரத்தில் கருவி ஓய்வதற்கு 'உறக்கப் பூட்டு' என்று எழுதிப் பார்த்தேன். மகளிடம் சொன்னேன், "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். 'பூட்டு' அவள் காதில் தண்டனையாகத்தான் விழுகிறது. இதற்கு மட்டும் வேறு நல்ல சொல் தாருங்கள்.