7 மி.மீ.யா, 9 மி.மீ.யா: சிறிய மிரர்லெஸ் கேமராவுக்கு மிக அகன்ற கோண லென்ஸ் தேடிய அனுபவம்

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையைச் சேர்ந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவை நான் தேர்ந்தெடுத்ததே அதன் சிறிய உடலுக்காகத்தான். அதனுடன் வந்த, 12 மி.மீ.யில் தொடங்கும் ஜூம் லென்ஸ் நெடுநாள் போதுமானதாகவே இருந்தது. சிறிய அறைகளுக்குள் படமெடுக்கத் தொடங்கிய பிறகுதான், முதுகு சுவரில் முட்டியும் எதிர்ச்சுவர் சட்டகத்துக்குள் அடங்காத சங்கடம் தெரிந்தது.

இந்த வகைக் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் 17.3 மி.மீ. அகலமுடையது. அந்த அகலத்தை லென்ஸின் குவியத் தொலைவால் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்து, நாம் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், சட்டகத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது கிடைத்துவிடும். 3 மீட்டர் தள்ளி நின்றால் 12 மி.மீ.யில் ஏறத்தாழ 4.3 மீட்டரும், 9 மி.மீ.யில் 5.8 மீட்டரும், 7 மி.மீ.யில் 7.4 மீட்டரும் அடங்கும். லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் தாம் வழக்கமாகப் படமெடுக்கும் இடத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நண்பரிடம் 7–14 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை ஒரு வாரத்துக்கு வாங்கிப் பயன்படுத்தினேன். அறைக்குள் அது என் குறையைத் தீர்த்தது. ஆனால் வெளியே எடுத்த படங்களில் மலைத்தொடர் மெல்லிய கோடாகச் சுருங்கி, மேலே வெற்று வானமும் கீழே வெற்றுத் தரையுமே மிஞ்சின. எல்லாவற்றையும் உள்ளே அடக்குவதற்கல்ல, ஏதேனும் ஒன்றை நெருங்கிச் செல்வதற்கே இத்தகைய லென்ஸ் என்பது ஓடைக்கரையில்தான் விளங்கியது. ஒரு பாறைக்கு முன் அரை மீட்டர் தொலைவில் மண்டியிட்டு எடுத்தபோது பாறை பெரிதாக எழுந்து நிற்க, அதன் பின்னால் நீர் தொலைவுவரை ஓடியது. அந்த வாரத்தில் எனக்கு நிறைவு தந்த ஒரே படம் அதுதான். குழுப்படங்களில் ஓரத்தில் நின்றவர்களின் முகங்கள் வெளிப்புறமாக இழுபட்டுத் தெரிந்தன. அது லென்ஸின் பழுதன்று. நேர்கோடுகளை நேராகவே காட்டும் எந்த அகன்ற கோண லென்ஸும் ஓரங்களை அப்படித்தான் நீட்டும். நண்பர்களை நடுப்பக்கம் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த லென்ஸின் முன்கண்ணாடி புடைத்திருந்ததால் அதில் ஃபில்டர் திருகிப் பொருத்த வழியில்லை. ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து ஓடும் நீரைப் படமெடுக்கும் எனக்கு ஒளி குறைக்கும் ஃபில்டர் இன்றியமையாதது. ஒலிம்பஸின் 9–18 மி.மீ. ஜூம் 155 கிராம் எடையில் மடங்கி உள்ளடங்குவதும் 52 மி.மீ. ஃபில்டரை ஏற்பதும் என்னைக் கவர்ந்தன. ஆனால் ஒளி நுழையும் திறப்பான அதன் அபெர்ச்சர் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்) எஃப் 4-இல் தொடங்கி, ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6 வரை சுருங்குகிறது. எனவே 2022-இல் வெளிவந்த பானசோனிக் லைகா 9 மி.மீ. எஃப் 1.7 லென்ஸையே முடிவில் தேர்ந்தெடுத்தேன். 130 கிராம் எடையுள்ள அது 55 மி.மீ. ஃபில்டரை ஏற்கிறது; பொருளை மிக நெருங்கிச் சென்றும் ஃபோகஸ் செய்ய முடிகிறது.

மறுமொழி

கட்டட உட்புறங்களைத் தொழிலாகப் படமெடுக்கும் நான் இதில் சற்று மாறுபடுகிறேன். கேமராவைச் சிறிது அண்ணாந்து வைத்தாலே சுவர்கள் உள்நோக்கிச் சாயும். மென்பொருளில் அவற்றை நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், தேவைக்கு மேல் சற்று அகலம் கையில் இருக்க வேண்டும். நான் பயன்படுத்தும் பானசோனிக் லைகா 8–18 மி.மீ. ஜூம் 315 கிராம் எடையுள்ளது என்றாலும் 67 மி.மீ. ஃபில்டரை ஏற்கிறது; பின்னால் நகர இடமில்லாத அறையில் ஜூம் பெரிய துணை. வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: இவ்வளவு அகன்ற சட்டகத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகித் திட்டாகத் தெரியும்.

மறுமொழி

இரவு வானத்துக்காக, கையால் ஃபோகஸ் செய்யும் 7.5 மி.மீ. எஃப் 2 லென்ஸ் வைத்திருக்கிறேன். பகலில் எஃப் 5.6-இல் வைத்து 70 செ.மீ.க்கு ஃபோகஸை நிறுத்தினால், ஏறத்தாழ 35 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். முதல் இரவு, ஃபோகஸ் வளையத்தில் முடிவிலி (மிகத் தொலைவு) என்று குறித்திருந்த இடத்தை நம்பி எடுத்த படங்களில் விண்மீன்கள் அத்தனையும் மங்கலாயின. இப்போது பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பிய பிறகே படமெடுக்கிறேன்.

மறுமொழி

உட்புறப் படங்களைப் பற்றி மறுமொழி எழுதியவருக்கு, இந்தப் பதிவை எழுதிய என் நன்றி. நேற்று 9 மி.மீ. லென்ஸைச் செங்குத்துச் சட்டகமாகத் திருப்பி, கேமராவை மட்டமாக வைத்து, அறையை மூன்று படங்களாக எடுத்து இணைத்தேன். சுவர்கள் சாயவில்லை, ஆனால் அருகிலிருந்த நாற்காலியின் கால் மட்டும் இணைப்பில் பொருந்தாமல் விலகி நின்றது. ட்ரைபாடில் கேமராவைச் சற்றுப் பின்தள்ளி, லென்ஸின் முன்பகுதியை அச்சாக வைத்துச் சுழற்றி மீண்டும் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.